கேலிஃப்ரே ஒன் மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய 'டாக்டர் ஹூ' தொடரை பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கி, 1989 டிசம்பரில் நிறுத்தியது. தொடர் நின்றுபோன அடுத்த ஆண்டே, 1990இல், லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் தொடங்கிய மாநாடுதான் கேலிஃப்ரே ஒன். 1996இல் வந்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தை விட்டால், 2005 மார்ச் வரை திரையில் தொடரின் புதிய எபிசோடு எதுவும் இல்லை. அந்தக் காலம் முழுக்க மாநாடு நடந்துகொண்டுதான் இருந்தது.

முதல்முறை போகிறவர் இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். இன்றைய நடிகர்களோடு, 1970களின் திரைக்கதை ஆசிரியர், உடை வடிவமைப்பாளர், அரக்கன் உடைக்குள் இருந்து நடித்தவர், ஒலிநாடகம் எழுதுகிறவர் எல்லாரும் வருவார்கள். பிபிசி அழித்துவிட்ட 1960களின் எபிசோடுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் கூட்டம் உட்கார்ந்து கேட்கும். நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். நட்சத்திரங்களின் வரிசையில் மட்டும் நின்றுவிட்டுத் திரும்பினால் பாதி மாநாட்டைப் பார்க்காமல் வந்ததாகத்தான் கணக்கு. கீழே சொல்கிற எல்லாமே, அப்படி நேரத்தை இழக்காமல் இருப்பதற்கான வழிகள்.

டிக்கெட், அறை

மாநாடு பிப்ரவரியில், வெள்ளி முதல் ஞாயிறு வரை, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் செஞ்சுரி புலிவார்டில் உள்ள மேரியட் ஓட்டலில் நடக்கிறது. பெரும்பாலும் பிரசிடெண்ட்ஸ் டே விடுமுறையை ஒட்டி வரும். ஆனாலும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு, ஆகவே பழைய தேதியை வைத்து விமான டிக்கெட் போடாதீர்கள்.

நுழைவு டிக்கெட்டுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. சில ஆயிரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விற்பனை பல மாதம் முன்பே தொடங்கும், பெரும்பாலும் தீர்ந்தும் போகும். தீர்ந்த பிறகு வாங்க வேண்டுமென்றால், மாநாட்டார் அந்த ஆண்டு அனுமதிக்கும் பெயர்மாற்ற முறை என்ன என்று பார்த்து, அதன்படியே வாங்குங்கள். முகம் தெரியாத ஒருவரிடம் பணம் அனுப்பிவிட்டு, பேட்ஜ் அவர் பெயரில் இருப்பதை வாசலில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே ஒரு நடிகருக்காக மட்டும் டிக்கெட் வாங்கவும் வேண்டாம். படப்பிடிப்புத் தேதி மாறினால் கடைசி வாரத்தில்கூட விருந்தினர் வர முடியாமல் போகும். அவரோடு படமெடுக்கத் தனியாகக் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வரும், நுழைவுக் கட்டணம் வராது. அவர் வராவிட்டாலும் போவேன் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

டிக்கெட்டைவிட அறை கடினம். மாநாட்டுச் சலுகை விலையில் ஒதுக்கப்படும் மேரியட் அறைகள், முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்கு மேரியட் கணக்கு, கார்டு விவரம், தங்கும் தேதிகள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து பதிவு செய்பவர்கள் பசிபிக் நேரத்தைக் கணக்கிடும்போது ஒரு விஷயம்: குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் 13½ மணி நேர வித்தியாசம், கோடைக்கால நேரம் அமலில் இருந்தால் 12½. இந்த ஒரு மணி நேரத்தில் அறை போய்விடும்.

கிடைக்கவில்லையென்றால் ஹில்டன் அடுத்த கட்டடம் மாதிரிதான். ஷெரட்டன் கேட்வே, ஹயாட் ரீஜென்சி இரண்டும் அதே சாலையில் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அறை வாடகைக்கு மேல் நகர வரி 14 சதவீதம். செக்-இன் செய்யும்போது, சில்லறைச் செலவுக்கென்று கார்டில் ஒரு தொகையைத் தினக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் சில நாள் கைக்கு வராது, ஆகவே கிரெடிட் கார்டு கொடுங்கள். இரண்டு கட்டில் அறையில் நால்வர் பகிர்ந்துகொள்வது இங்கே சாதாரணம். பகிர்வதானால் யார் எத்தனை மணிக்கு எழுவார்கள், யாருடைய உடைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு மூன்று பேர் ஒப்பனை செய்ய முடியாது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு: மாநாட்டு டிக்கெட் கையில் இருப்பதால் பார்வையாளர் விசா கிடைத்துவிடாது. முதலில் விசா, பிறகுதான் திரும்பப் பெற முடியாத செலவுகள்.

விமான நிலையத்திலிருந்து ஓட்டலின் ஷட்டில் பேருந்தில் வரலாம். ஊபர், டாக்சி வேண்டுமென்றால் பொதுவாக டெர்மினல் வாசலில் ஏற்ற மாட்டார்கள். டெர்மினல் 1-க்குப் பக்கத்தில் உள்ள 'லாக்ஸிட்' நிறுத்தத்துக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை மாலைக்குள் வந்து சேர்வது நல்லது. அன்றே பேட்ஜை வாங்கிவிட்டால் வெள்ளி காலை வரிசை மிச்சம்.

ரிப்பன்

கேலிஃப்ரே ஒன்னில் எல்லாருடைய கழுத்திலிருந்தும் தொங்கும் பேட்ஜுக்குக் கீழே வண்ண வண்ணமாக ரிப்பன்கள் ஒட்டியிருக்கும். சிலருக்கு முழங்கால் வரை, சிலருக்குத் தோளில் சுற்றிப் போடும் அளவுக்கு. ஒவ்வொரு ரசிகரும் தனக்குப் பிடித்த ஒரு வசனத்தையோ விளையாட்டையோ ரிப்பனில் அச்சடித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பார். நீங்கள் உங்களுடையதைக் கொடுத்து அவருடையதை வாங்கி ஒட்டிக்கொள்வீர்கள். தெரியாத ஊரில், தெரியாத மனிதரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட எளிய வழி கிடையாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வழக்கமான அளவு 4 அங்குல அகலம், 1⅝ அங்குல உயரம். மேல் விளிம்பில் முன்பக்கமாக ஒட்டுப் பட்டை இருக்கும். அதன் காகிதத்தை உரித்து, மேலே உள்ள ரிப்பனின் கீழ் விளிம்புக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். அமெரிக்காவில் பேட்ஜ் ரிப்பன் அச்சிடும் கடைகளில் ஆர்டர் கொடுக்கலாம். ஓட்டலுக்கோ அங்குள்ள உறவினர் வீட்டுக்கோ அனுப்பச் சொல்லலாம். ஓட்டலுக்கு அனுப்பினால் பொட்டலத்துக்குக் கையாளும் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்பே ஆர்டர் கொடுத்தால், பிழை வந்தாலும் மறுபடி அடிக்க நேரம் இருக்கும்.

முதல்முறைக்கு 150 போதும். காலையில் 30 எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், மீதி அறையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டால் ஞாயிறன்று சந்திக்கும் அருமையான ஆட்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

வாசகம் இரண்டு வரி, அதிகம் போனால் மூன்று. வெப்ப முத்திரையில் படலத்தை அழுத்தி அச்சிடுவதால் மெல்லிய கோடுகள் நிரம்பிவிடும் அல்லது விட்டுப்போகும். தமிழில் அச்சடிக்க நினைப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். டாக்டரின் காலப்பயண வாகனம் டார்டிஸ், வெளியே சின்ன நீலப் பெட்டி, உள்ளே மிகப் பெரிது; அதைப் பற்றிய புகழ்பெற்ற வியப்பை 'உள்ளே பெரிசு!' என்று தமிழில் போட்டால், எழுத்து தெரியாதவர்கள்கூட என்னவென்று கேட்டு வாங்கிப்போவார்கள். ஆனால் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் அச்சகக் கணினியில் 'பெ' உடைந்து கொம்பு தனியாகவும் 'ப' தனியாகவும் நிற்கும். ஆகவே எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். தடித்த எழுத்துரு, 18 புள்ளிக்குக் குறையாத அளவு. சிறிய அளவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். மாதிரிப் படம் வந்ததும் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

ஒட்டுவதில் என்ன தவறு நடக்கும்? ஒவ்வொரு ரிப்பனும் ஏறக்குறைய 1⅜ அங்குலம் வெளியே தெரியும். பேட்ஜின் அடிப்பாகம் தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் இருந்தால் 35 ரிப்பனில் சரம் தரையைத் தொட்டுவிடும். நூறு சேர்ந்தால் பதினோரு அடிக்கு மேல். மொத்த எடையும் மேலே உள்ள முதல் இரண்டு மூன்று ஒட்டுகளில்தான் இழுக்கும். ஆகவே அறுந்தால் கீழே ஒன்றிரண்டு விழாது, சரம் முழுவதும் மேலிருந்து விழும், கூட்டத்தில் மிதிபடும்.

இதற்கு நம்மிடம் நல்ல தீர்வு இருக்கிறது: பாவாடை நாடா. அரை அங்குலப் பருத்தி நாடாவை ஆறேழு கஜம் எடுத்துப் போங்கள். கழுத்துப் பட்டியிலேயே நாடாவின் ஒரு முனையைத் தைத்துவிடுங்கள். பேட்ஜின் பிளாஸ்டிக் உறையில் கட்ட வேண்டாம், துளை கிழிந்துவிடும். நாடா ரிப்பன் சரத்தின் பின்னால் நேராக இறங்கட்டும். பத்து ரிப்பனுக்கு ஒருமுறை ஸ்டேப்ளர் அடித்து இரண்டையும் இணையுங்கள், ஸ்டேப்ளரின் மடிந்த முனை நாடாப் பக்கம் இருந்தால் உடையில் மாட்டும் என்பதால் அதன்மேல் ஒரு துண்டு துணி டேப் ஒட்டுங்கள். இப்போது எடையை நாடா தாங்கும், ஒட்டு சும்மா இருக்கும். முழங்காலைத் தாண்டியதும் மடித்து ஊக்கு குத்துங்கள், அல்லது தோளில் சால்வை மாதிரி போடுங்கள். எஸ்கலேட்டரில் ஏறும்போது கட்டாயம் கையில் சுருட்டிப் பிடிக்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கலில் சில மரியாதைகள்: பேனல் (மேடைக் கலந்துரையாடல்) நடக்கும்போது அரங்குக்குள் கைமாற்ற வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைத் தட்டிக் கூப்பிட வேண்டாம். கையில் மாற்றிக்கொள்ள ரிப்பன் இல்லாதவர் கேட்டாலும் கொடுங்கள். முதல்முறை வந்த குழந்தைகள் பலர் வெறும் பேட்ஜோடு நிற்பார்கள், அவர்களுக்கு முதல் ரிப்பன் உங்களுடையதாக இருக்கட்டும்.

உடை

வேடம் கட்டாயம் இல்லை. சட்டை பேண்ட்டில் வருகிறவர்களும் ஏராளம். ஆனால் கட்டிக்கொண்டு வந்தால் நாலு பேர் தாமாகவே வந்து பேசுவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் மாநாட்டுக்கு, நாள் முழுக்க நிற்கவும் உட்காரவும் கழிப்பறைக்குப் போகவும் முடிகிற உடை. தொடரில் டாக்டர் உருவம் மாறி மாறி வருவார், ஒவ்வொரு உருவத்துக்கும் ஓர் எண் உண்டு. பத்தாவது டாக்டரின் பழுப்புக் கோடு சூட்டும் கேன்வாஸ் ஷூவும், பதினொன்றாவது டாக்டரின் ட்வீட் கோட்டும் போ-டையும், பதின்மூன்றாவது டாக்டரின் வானவில் பட்டை டி-ஷர்ட், மஞ்சள் தோள்பட்டி, நீலக் குட்டைக் கால்சட்டை ஆகியவையும் வசதியானவை, கடைத் துணியிலேயே பாதி சேர்ந்துவிடும். ஆறாவது டாக்டரின் ஒட்டுத்துணிக் கோட்டை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். வேலை ஆறு மாதம், சூடும் அதிகம். டாலெக் (உலோக உறைக்குள் இருக்கும் எதிரி) மாதிரி பெட்டி வேடங்கள் லிஃப்டில் நுழையுமா என்று அளந்து பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும்.

சேலை கட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: டார்டிஸின் அடர்நீலத்தில் பருத்திச் சேலை, முந்தானையில் பெட்டியின் வெள்ளைச் சன்னல் கட்டங்கள், பார்டரில் பெட்டியின் நெற்றியில் உள்ள ஆங்கில வாசகத்தைத் துணிச் சாயத்தில் எழுதலாம். மடிப்பை ஊக்கு போட்டு இறுக்கிவிட்டு, ரிப்பன் சரத்தை இடுப்பில் செருகினால் தடுக்காது. தொடரின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். 2025 பருவத்தில் பெலிண்டாவாக வந்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர். நம் ஊர் உடை அங்கே அந்நியமாக நிற்காது.

நான்காவது டாக்டரின் நீளமான கழுத்துத்துணியைப் பின்னாமல் ரசிகர் மனம் ஆறாது. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சசன் நிறையக் கம்பளி நூல் வாங்கி பெகோனியா போப் என்பவரிடம் கொடுக்க, அவர் கொடுத்த நூல் அத்தனையையும் பின்னிவிட்டார் என்பதுதான் அந்த நீளத்தின் கதை. பின்னல் எளிது: எல்லா வரிசையும் நேர்ப் பின்னல்தான். 60 கண்ணில் தொடங்கி, 4 மில்லிமீட்டர் ஊசியில், ஏழு நிறங்களை மாற்றி மாற்றி. நிறம் மாற்றும் வரிசையை எப்போதும் ஒரே பக்கத்தில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் பின்புறத்தில் வரவேண்டிய புள்ளிக்கோடு முன்புறத்தில் வந்து கெடுக்கும். மாலை நேரங்களில் மட்டும் பின்னினால் குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்தப் பின்னல் தன் எடையாலேயே தொங்கித் தொங்கி நீளும். ஆகவே வேண்டிய நீளத்துக்கு ஒரு அடி முன்பே நிறுத்திவிடுங்கள். கைப்பெட்டியில் சுருட்டி வையுங்கள், ஹேங்கரில் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் இன்னும் நீளும்.

டாக்டர் கையில் வைத்திருக்கும் கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரின் பொம்மையை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. துப்பாக்கி வடிவப் பொம்மை கைப்பையில் கூடவே கூடாது. மாநாட்டிலும் நிஜம்போலத் தெரியும் ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

பழுதுக்கு ஒரு சின்ன டப்பா: ஊக்கு இருபது, ஊசி நூல், இருபக்க டேப், சட்டென ஒட்டும் பசை, கொஞ்சம் வெல்க்ரோ. சூடான பசைத் துப்பாக்கியை இந்தியாவிலிருந்து கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த கருவி அதில் கால்வாசித் திறனுக்குத்தான் சூடாகும், பசை உருகாது.

வேடதாரி ஒருவரைப் படமெடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். நடைபாதையின் நடுவில் நிறுத்தாமல் சுவரோரமாக அழைத்துப் போங்கள். உடையைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் அதையும் கேட்டுவிட்டுத்தான்.

கையெழுத்தும் படமும்

இரண்டும் தனிக் கட்டணம், விருந்தினருக்கு விருந்தினர் விலை வேறு. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள். எங்கள் கருத்து: நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கட்டணத்தைவிட வரிசையில் போகும் நேரம்தான் பெரிய செலவு.

கையெழுத்துக்கு 8×10 அங்குலப் படம் கொண்டுபோகிறவர்கள் பளபளப்பு இல்லாத தாளில் அச்சிடுங்கள். பளபளப்புத் தாளில் மை காயாமல் இழுத்துக்கொண்டு போகும். படத்தின் இருண்ட பகுதியில் வெள்ளிப் பேனா, வெளிர்ந்த பகுதியில் கறுப்பு அல்லது நீலம். பெயிண்ட் வகைப் பேனாவை மேசைக்கு வருமுன் குலுக்கி, வேறு தாளில் எழுதி ஓட்டிப் பாருங்கள். புதுப் பேனாவின் முதல் கோடு பெரும்பாலும் திட்டாகத்தான் விழும். டிவிடி அட்டையில் வாங்குவதானால் காகிதத்தை உறையிலிருந்து முன்பே உருவி வையுங்கள். புத்தகமானால் பக்கத்தில் அடையாளத் தாள் வையுங்கள்.

நம் பெயர்கள் நீளம். ஒட்டுத்தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்து விழ வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொடுத்தால் எழுத்துக்கூட்டும் நேரத்தில் இரண்டு வார்த்தை பேசலாம். அந்த இரண்டு வார்த்தையை யோசித்து வையுங்கள். 'உங்கள் மிகப்பெரிய ரசிகன்' என்பதை அவர் அன்று நூறு முறை கேட்டிருப்பார். குறிப்பிட்ட ஒரு காட்சியை, அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதோடு ஒரே வாக்கியத்தில் சொன்னால் முகம் மலரும்.

வாங்கியதும் இரண்டு நிமிடம் காற்றில் காயவிட்டு, பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். பிவிசி உறை காலப்போக்கில் மையைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும்.

படமெடுக்கும் அறையில் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடி. வணக்கம் சொல்லி, நின்று, சிரித்து, நன்றி சொல்லி நகர வேண்டும். தோளில் கை போடலாமா என்று வாயால் கேளுங்கள். பையையும் கோட்டையும் ஓரமாக வைக்க இடம் இருக்கும், ரிப்பன் சரத்தை மடித்து முன்னால் காட்டலாம் அல்லது கழற்றிவிடலாம். கண்ணாடி அணிந்தவர்கள், காதுப் பக்கக் காம்பைக் காதிலிருந்து மயிரிழை தூக்கிவிட்டால் கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாயும், ஃப்ளாஷ் பிரதிபலிக்காது. இதற்கு ஒதுக்கிய நேரமும் நீங்கள் பார்க்க விரும்பும் பேனலும் மோதும் நாள் ஒன்றாவது வரும். கட்டணம் கட்டியதற்கு முதலில் போங்கள், பேனலின் கடைசி இருபது நிமிடத்துக்கு ஓடி வந்தாலும் பின்வரிசையில் இடம் கிடைக்கும்.

பேனல்களில்

நிரல் வெளியானதும் மூன்று வண்ணத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: கட்டாயம், முடிந்தால், ஓய்வு. ஓய்வு என்பதையும் நிரலில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எடுக்க மாட்டீர்கள். ஒரு நாளுக்கு நான்கு பேனல் தாராளம்.

பெரிய அரங்கில் நட்சத்திரங்கள் பேசுவது பின்னாளில் காணொளியாகவோ பேட்டியாகவோ வேறு இடத்திலும் கிடைக்கலாம். சின்ன அறையில் ஒரு பழைய உடை வடிவமைப்பாளர் தையல் துணியைக் கையில் எடுத்துக் காட்டுவது வேறெங்கும் கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சின்ன அறைக்குப் போங்கள்.

கேள்வி கேட்க மைக் முன்னால் நிற்பவர் ஒரே ஒரு கேள்வி, அதுவும் இருபது விநாடிக்குள். முன்னுரையாக வாழ்க்கைக் கதை வேண்டாம். கட்டிப்பிடிக்கலாமா என்று மேடையில் கேட்கக் கூடாது. எழுத்தாளர்களிடம் உங்கள் கதைக் கருவைச் சொல்லவே சொல்லாதீர்கள். பின்னாளில் ஒத்த கதை வந்தால் வழக்காகும் என்பதால் அவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய நிலை. எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

சனிக்கிழமை இரவு வேடப்போட்டி மேடையேறும். அரை மணி முன்பே போய் உட்காருங்கள், பல மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் கடந்து போகும். அது முடிந்ததும் அறைக்குப் போகாமல் லாபிக்கு வாருங்கள். மாநாட்டின் உயிர் இரவு பத்து மணிக்குமேல் அந்த லாபியில்தான் இருக்கிறது. குடிக்கிறவர்கள் குடிப்பார்கள், சோடா பிடித்துக்கொண்டு நிற்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நாற்காலி காலியாக இருக்கும் வட்டத்தில் 'உட்காரலாமா' என்று கேட்டால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். உங்களுக்குப் பிடித்த டாக்டர் யார் என்பதுதான் வழக்கமான முதல் கேள்வி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, தூக்கம்

மாநாட்டுக்காரர்கள் சொல்லும் சூத்திரம் 5-2-1: நாளுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை முழுச் சாப்பாடு, ஒரு குளியல். இது குறைந்தபட்சம். இதிலும் குறைத்தால் ஞாயிறு மதியம் தலைவலியோடு அறையில் படுத்திருப்பீர்கள்.

ஓட்டல் உணவகம் விலை அதிகம், மதியம் கூட்டமும் அதிகம். பன்னிரண்டு மணிக்குப் பதில் பதினொன்றுக்கோ இரண்டுக்கோ சாப்பிடுங்கள். நடக்கும் தூரத்தில் செபுல்வேடா சாலையில் இன்-அண்ட்-அவுட் பர்கர் கடை இருக்கிறது, தலைக்கு மேல் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஆனால் சைவர்களுக்கு அங்கே சீஸ் ரொட்டியும் உருளை வறுவலும்தான். வெந்நீர் ஊற்றினால் ஆகிற உப்புமா, அவல் பொட்டலங்கள் ஐந்தாறு எடுத்துப் போங்கள். கெட்டில் மட்டும் அங்கேயே வாங்குங்கள் (பசைத் துப்பாக்கிக்குச் சொன்ன அதே காரணம்). சுங்கத்தில் உணவுப்பொருள் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழம், இறைச்சி கொண்டுவர வேண்டாம். ஒரு நாள் முன்பே வருகிறவர்கள் ஆர்டீசியா நகரில் பயனியர் புலிவார்டில் உள்ள இந்தியக் கடைத்தெருவுக்குப் போய்வரலாம். காரில் போகலாம், மாலை நெரிசலில் மட்டும் கிளம்பாதீர்கள்.

பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகலில் 20 டிகிரி வரை, இரவில் 10 டிகிரி பக்கம். மழையும் வரலாம். உள்ளே ஏசி குளிரும், கூட்ட அறை புழுங்கும். கழற்றிப் போடக்கூடிய மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும்.

மாநாட்டுக்குப் பிறகு சளியும் இருமலுமாகத் திரும்புவது பலருக்கும் நேர்கிறது. அடைத்த அறை, குறைந்த தூக்கம், ஆயிரம் கைகுலுக்கல், கத்திக் கத்தி வறண்ட தொண்டை எல்லாம் சேர்ந்த விளைவு. வரிசைகளிலும் லிஃப்டிலும் முகக்கவசம், சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவல், கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். காய்ச்சல் இருந்தால் விருந்தினரின் வரிசைக்குப் போகாதீர்கள். அவர்களில் பலர் எழுபது எண்பது வயதைத் தாண்டியவர்கள்.

நீண்ட நேரம் நிற்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முதல் நாளே பதிவு மேசையில் சொல்லுங்கள். வரிசையில் உட்கார ஏற்பாடு செய்வார்கள்.

கிளம்பும்போது

விற்பனைக் கூடத்துக்கு வெள்ளியன்று ஒருமுறை, ஞாயிறு பிற்பகல் ஒருமுறை போங்கள். ஒரே பிரதி உள்ள பொருளை வெள்ளியே வாங்கிவிட வேண்டும். பழைய புத்தகங்களும் கனமான பொம்மைகளும் கடைசி மணி நேரத்தில் விலை இறங்குவதுண்டு, திரும்பக் கொண்டுபோக விற்பவருக்கும் சிரமம்தானே.

ஞாயிறு இரவு விமானம் போடாதீர்கள், திங்கள் மதியம் போடுங்கள். நிறைவு நிகழ்ச்சிக்குப் பிறகு மறுபடியும் லாபி நிறையும், மூன்று நாளாக ரிப்பன் மாற்றிக்கொண்டவர்கள் தொடர்பு எண் மாற்றிக்கொள்வது அப்போதுதான். அன்றிரவே ரிப்பன் சரத்தைத் தரையில் விரித்து வரிசையாகப் படமெடுங்கள், யார் கொடுத்தது என்று நினைவிருப்பதைக் குறித்தும் வையுங்கள், ஒரு மாதத்தில் மறந்துவிடும். பிறகு ஒட்டுப் பட்டைகளின்மேல் மெழுகுத்தாள் வைத்து, மடிக்காமல் ஒரு அட்டைக் குழாயைச் சுற்றிச் சுருட்டுங்கள். மடித்தால் கோட்டில் படலம் உதிரும். அதே குழாய்க்குள்ளேயே சுவரொட்டியையும் கையெழுத்துப் படத்தின் நகலையும் செருகிவிட்டு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், சரக்குப் பெட்டியில் போட வேண்டாம்.